மூழ்காத பை

எனக்கு உடம்பு தேறிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரப்போகிற நல்ல செய்தி இது ஒன்றுதான். பிற்பாடு தேடி ஏமாற வேண்டாம்.

என் மனைவி ராணி மதியம் தூங்குகிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். சிகிச்சை மையத்தின் ஆலோசகர் மேடம்தான் எழுதச் சொன்னார். "ஜெயில்ல இருந்து வெளிய வர்றவங்களுக்குப் படிக்கக் குடுக்கலாம் சார்" என்றார். ஜெயிலை விட்டு வெளியே வருகிறவன் நின்று எதையும் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். இருந்தாலும் மேடத்தின் முகத்துக்காக ஒப்புக்கொண்டேன்.

என் பெயர் அருளப்பன். பரவையில் வீடு. பதினெட்டு வருடம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை. பக்கத்து வீட்டுக்காரரோடு பொதுச்சுவர் தகராறில் கம்பியை ஓங்கினேன். ஓங்கியதோடு நின்றிருந்தால் பேச்சோடு போயிருக்கும். அவருடைய தோள்பட்டை நொறுங்கியது. எனக்கு மூன்று வருடம் தண்டனை கிடைத்தது. அந்த மனிதருக்கு இன்றைக்கும் சட்டை போட இன்னொருவர் உதவி வேண்டும். அதற்கு நான் சாக்குச் சொல்லவில்லை.

சிறைக்குப் போன சில வாரங்களில் எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு எச்.ஐ.வி. இருப்பது அதில்தான் தெரிந்தது. எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எனக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ராணியிடம் சொல்லிவிட்டேன். கேட்க உரிமையுள்ளவள் அவள் ஒருத்திதான். ஒன்று மட்டும் சொல்கிறேன். சிறைக்குள் வந்ததல்ல அது. போகும்போதே பல வருடமாக என்னோடு இருந்திருக்கிறது.

இந்தக் கிருமி என்ன செய்யும் என்று சிறை மருத்துவர் எனக்கு விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். நம் ரத்தத்தில் சிடி4 என்று ஒருவகைச் செல் இருக்கிறது. உடம்புக்கு அதுதான் காவல். இந்தக் கிருமி அந்தக் காவலை ஒவ்வொன்றாகக் கொல்லும். காவல் குறைந்தபின் வெளியே சுற்றுகிற காசநோய் முதல் உள்ளேயே தூங்குகிற கிருமிகள் வரை எல்லாம் தலைதூக்கும். தினம் ஒரே ஒரு மாத்திரை, அதே நேரத்தில். அதைத் தவறாமல் போட்டால் கிருமி சோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிடும். அப்படி அடங்கிய நிலையில் கட்டிய மனைவிக்கும் தொற்றாது. ஆனால் முன்னாலேயே அவளுக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க அவள் ரத்தம் கொடுத்தே ஆகவேண்டும்.

சிறையில் கம்பவுண்டர் தினமும் பெயர் கூப்பிட்டு உள்ளங்கையில் மாத்திரையை வைப்பார். அவர் முன்னால் விழுங்கவேண்டும். இரண்டரை வருடம் ஒரு நாள் தப்பவில்லை. என் உடம்பு நன்றாக இருந்த காலம் எது என்று கேட்டால் வெட்கமில்லாமல் சிறைக்காலம் என்றுதான் சொல்வேன்.

உள்ளே எனக்குப் பெயர் ரைட்டரண்ணே. கையெழுத்து நன்றாக இருந்ததால் ஆபீசில் எழுத்து வேலைக்குப் போட்டார்கள். மற்றவர்களுக்கு மனுவும் கடிதமும் எழுதிக் கொடுப்பேன். என்னைப் போலவே மாத்திரை வாங்குகிறவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாது. நான்தான் எழுதுவேன். பேரையூர்ப் பக்கத்துக் கருப்பசாமிக்கு எழுதியது இன்னும் வரிவரியாக ஞாபகம் இருக்கிறது. அவன் எழுதப்படிக்கத் தெரியாதவன், காட்டுவேலைக்குப் போகிற குடும்பம். "பயப்படாதே. எனக்கு ரத்தத்தில் ஒரு நோய் இருக்கிறது. அது உனக்கும் வந்திருக்கலாம். இந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார். காசு கேட்கமாட்டார்கள். இருந்தால் மாத்திரை இருக்கிறது. இல்லாவிட்டால் சாமியைக் கும்பிட்டுவிட்டு வா. என்னைத் திட்டவேண்டியதை நான் வந்தபிறகு திட்டு." படித்துக் காட்டியபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இம்புட்டுத்தானாண்ணே? இதைச் சொல்லவா நான் ஆறு மாசமாத் தூங்காமக் கெடந்தேன்?" என்றான்.

அதே போல ஒன்று ராணிக்கும் எழுதினேன். அனுப்பவில்லை. சிறையிலிருந்து போகிற கடிதத்தை அதிகாரி படித்துத்தான் அனுப்புவார், எதற்கு வம்பு, கையிலேயே கொடுத்துவிடுவோம் என்று வைத்துக்கொண்டேன். கருப்பசாமியின் கடிதத்தையும் அதே அதிகாரிதான் படித்தார் என்பதை நான் யோசிக்காமல் இருந்தேனா, யோசிக்க விரும்பவில்லையா என்று இப்போது ஆராய்ந்து பயனில்லை.

விடுதலையான அன்று காலை கம்பவுண்டர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். இரண்டு மாதத்துக்கான மாத்திரை டப்பாக்கள், என்னுடைய சிகிச்சைப் புத்தகம், பெரிய ஆஸ்பத்திரி மையத்துக்கு ஒரு கடிதம், மனைவியை அழைத்து வரவேண்டும் என்ற சீட்டு. எல்லாவற்றையும் என் மஞ்சப்பையில் போட்டு, "திங்கக்கெழமையே சென்டருக்குப் போயிருய்யா. போயிட்டு வாரேன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாத" என்றார். ஜெயில் வாசலில் அந்த வார்த்தையை யாரும் சொல்லமாட்டார்கள். சிரித்துவிட்டு வந்தேன். ராணிக்கு எழுதிய கடிதம் மாத்திரை டப்பாவுக்கு அடியில் இருந்தது.

வாசலில் ராணியும் அவள் தம்பி பிரிட்டோவும் நின்றார்கள். பிரிட்டோ பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிற குட்டியானை வண்டி வைத்திருக்கிறான். மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். பரவைக்குப் போகாமல் வண்டியைச் சிம்மக்கல்லுக்கு விட்டான். அங்கே ஒரு கடையில் எனக்குப் புது வேட்டி, புதுச் சட்டை, செருப்பு. கடைக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொண்டேன். போட்டிருந்ததை எல்லாம் மஞ்சப்பையில் திணித்தார்கள். பிறகு வைகை ஆற்றுக் கல்பாலத்தில் வண்டி நின்றது.

எங்கள் பக்கம் இது வழக்கம். ஜெயில் சாமான் ஒன்றுகூட வீட்டுப் படியேறக் கூடாது. ஏறினால் ஆள் திரும்ப அங்கேயே போவான் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற நாங்களும் இதற்கு விதிவிலக்கில்லை. பிரிட்டோ, "ஆத்துல விட்ரு அக்கா, திரும்பிப் பாக்காம வா" என்றான்.

"மாப்ள, பையில கொஞ்சம் காகிதம் கெடக்கு" என்றேன்.

"என்ன காகிதம் மச்சான்? ரிலீஸ் ஆர்டர் உங்க பாக்கெட்ல இருக்குல்ல? அதுக்கு மேல அந்த எடத்துக் காகிதம் நமக்கு எதுக்கு?"

ராணி பையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "ஏங்க, ஏதும் முக்கியமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"இல்ல, சும்மாதான்" என்றேன்.

அவள் வீசினாள். வைகையில் அன்று தண்ணீர் கொஞ்சம்தான். பாலத்தை ஒட்டி ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. பை அதன் மேல் விழுந்து அப்படியே உட்கார்ந்துகொண்டது. மூழ்கவில்லை. இறங்கிப்போய் எடுத்துவிடலாம் போலத்தான் இருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியும் நான் பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனால் மற்றதெல்லாம் இதைச் சொல்வதற்காகத்தான். இனி அந்தக் கடிதத்தைக் கொடுக்கவேண்டியதில்லை என்று எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

பை போனால் என்ன, மையத்துக்குப் போய்ப் பெயரைச் சொன்னால் வேறு புத்தகம் போட்டு அன்றே மாத்திரை கொடுத்திருப்பார்கள். பரவையிலிருந்து ஒரே பஸ். நான் போகவில்லை. வரிசையில் யாராவது பார்த்துவிடுவார்கள், பள்ளிக்கூடத்தில் திரும்ப வேலை கேட்டிருக்கிறேன், மாத்திரை டப்பாவை வீட்டில் எங்கே வைப்பது என்று தினம் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். இதில் ஒன்றையாவது ராணியிடம் சொல்லியிருந்தால் எல்லாக் காரணமும் தீர்ந்திருக்கும். அவளிடமிருந்து விலகிப் படுத்தேன். கேட்டதற்கு, விடுதலைக்காக மாதாவுக்கு ஒரு நேர்ச்சை என்றேன். அவள் நம்பினாள். மெழுகுவத்தி வாங்கி வைத்தாள்.

ஐந்தாவது மாதம் சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்தது. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டார்கள். விட்டுவிட்டு வந்தது. பிறகு மூச்சு வாங்கியது. படுத்தால் வலது பக்கம் கல்லைத் தூக்கி வைத்தது போல அழுத்தும். பிரிட்டோ வண்டியில் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. முதுகில் ஊசி விட்டு எடுத்தார்கள். வைக்கோல் ஊறிய தண்ணீர் போல மஞ்சளாக, ஒரு பாட்டில் நிறைய. காசநோய் என்றார்கள். "எச்.ஐ.வி. டெஸ்ட் எப்பவாச்சும் எடுத்திருக்கீங்களா?" என்று ஒரு இளம் டாக்டர் கேட்டார். மூச்சுக்கு ஆக்சிஜன் வைத்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினேன். பொய் சொல்வதற்கு நுரையீரல் தேவைப்படவில்லை.

மறுநாள் ஆலோசகர் மேடம் கட்டிலுக்கு வந்தார். கையில் ஒரு பழைய பட்டியல். "சார், உங்க பேரு எங்கிட்ட ஏற்கெனவே இருக்கு. ஜெயில்ல இருந்து தகவல் வந்து அஞ்சு மாசமாத் தேடுறேன். குடுத்த நம்பருக்குப் போட்டா யாரோ உசிலம்பட்டிக்காரர் எடுக்குறாரு." விடுதலைக்கு முன் என் தொடர்பு எண்ணை எழுதிக்கொடுத்தது நான்தான். ராணியின் எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றி எழுதியிருந்தேன். பதினெட்டு வருட கிளார்க் வேலையில் வேண்டுமென்றே நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மேடத்தின் அறை மாடியில் இருந்தது. வாசலில் நீல எழுத்தில் 'நம்பிக்கை மையம்' என்று பலகை. இரத்தப் பரிசோதனை நடக்கிற இடங்களுக்கு அரசாங்கம் வைத்திருக்கிற பெயர் அது. என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து ராணிதான் தள்ளி வந்தாள். மேடம் எங்களை உள்ளே விட்டு, மின்விசிறியைப் போட்டுவிட்டு, "நீங்களே சொல்றீங்களா சார்?" என்றார். சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன், எப்படி வந்தது என்றும் சொன்னேன், ஜெயிலில் மாத்திரை சாப்பிட்டதைச் சொன்னேன். ராணி மடியில் இருந்த பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பையில இருந்துச்சா?" என்றாள்.

"ஆமா. மாத்திரையும் இருந்துச்சு. உனக்கு ஒரு லெட்டரும் இருந்துச்சு."

"நான்தான தூக்கிப் போட்டேன்."

"ஆமா."

"நான் கேட்டேன்ல? பாலத்துல நின்னுக்கிட்டுக் கேட்டேன்லங்க, முக்கியமான்னு."

நோயைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த அறைக்குப் போய்க் கையை நீட்டினாள். அவளுக்கும் இருந்தது. சில நாளில் வந்த சிடி4 எண்ணிக்கை ஐம்பதுக்கும் கீழே. அவ்வளவு குறைந்திருக்கிறது என்றால் பல வருடம் ஆகியிருக்கவேண்டும் என்று மேடம் விளக்கினார். அன்றே அவளுக்கும் மாத்திரை தொடங்கிவிட்டார்கள்.

சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது ராணியின் கையிலிருந்து பேனா இரண்டு முறை விழுந்தது. நர்ஸ் கவனித்துவிட்டு, "எவ்வளவு நாளாம்மா இப்பிடி?" என்று கேட்டார். ராணி வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். இரண்டு மாதமாகக் கத்தரிக்கோல் நழுவுகிறது என்றாள். தையல் கோணலாகப் போகிறது என்று ஒரு அம்மா ஜாக்கெட்டைத் திருப்பித் தந்ததும் எனக்குத் தெரியும். அப்போது நான் கட்டிலில் படுத்துக்கொண்டு, வேலைக் களைப்பாக இருக்கும் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். சொல்லும்போதே என் நெஞ்சு வேறொன்று சொன்னது.

ஸ்கேன் எடுக்க இரண்டு நாள், முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க ஒரு நாள், அது சோதனைக்குப் போய்வர ஒரு வாரம். நான் ஆண்கள் வார்டில், அவள் பெண்கள் வார்டில். காலையில் டாக்டர் வந்துபோனதும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி அவள் வார்டு வாசலில் உட்காருவேன். காப்பீட்டு அட்டைக்கு அவள் இடது கைப் பெருவிரலை வைத்தாள். சோதனை முடிவு வந்த அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

மூளையில் ஒரு வைரஸ். முக்கால்வாசிப் பேர் உடம்பில் அது சும்மா தூங்குமாம். காவல் குறைந்ததும் எழுந்து, மின்கம்பியின் மேலுறையை எலி கொறிப்பது போல நரம்புகளின் உறையைக் கொறிக்கும். அதனால்தான் வலது கை. அடுத்தது பேச்சோ பார்வையோ போகலாம். இதற்கென்று தனி மருந்து கிடையாது. எச்.ஐ.வி. மாத்திரை வேலை செய்து, காவல் செல்கள் மறுபடி பெருகி, உடம்பே அதை அடக்கினால் உண்டு. அதற்குப் பல மாதம் ஆகும். "அவங்களுக்கு அவ்ளோ மாசம் இருக்கான்னுதான் தெரியல" என்றார். "ஒரு அஞ்சாறு மாசம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். கல்பாலத்தில் நின்றதிலிருந்து அன்றைக்குச் சரியாக அவ்வளவுதான் ஆகியிருந்தது.

பிரிட்டோவுக்கு நானே சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவன் எழுந்து போய்விட்டான். பத்து நாள் வரவில்லை. பதினோராவது நாள் ஒரு சாப்பாட்டுக் கரண்டியோடு வந்தான். ராணிக்கு இடது கையில் பிடிக்கத் தோதாக அதன் காம்பில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தான். அக்காளுக்கு ரசஞ்சோறு ஊட்டிவிட்டு, எனக்கும் ஒரு தூக்குவாளியில் கஞ்சி வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து தினமும் வருகிறான், எல்லா வேலையும் செய்கிறான். என்னை மச்சான் என்று மட்டும் கூப்பிடுவதில்லை. வேறு எப்படியும் கூப்பிடுவதில்லை.

என் காய்ச்சல் மூன்றாம் வாரம் நின்றது. பசி எடுத்தது. எடை ஏறியது. அங்கே வேறு யாருக்கோ கொடுக்கவேண்டியதைத் தவறுதலாக எனக்குக் கொடுத்துவிட்டார்களோ என்று தோன்றும். மாத்திரை வாங்கும் வரிசையில் ஒரு நாள் நிற்கும்போது பின்னாலிருந்து, "ரைட்டரண்ணே!" என்று ஒரு குரல். கருப்பசாமி. கன்னமெல்லாம் சதை போட்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி, கையில் ஒரு துணிப்பை.

"இவகதான் லெட்டர் எழுதுனவக" என்று அவளிடம் காட்டினான். "உங்க லெட்டர் கெடைச்ச மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாண்ணே. இவளுக்கும் இருந்துச்சு. அம்புட்டு வெரசா வந்ததால பொழைச்சா. இந்தா, ரெண்டு வருசமாச்சு, ஒரு தலைவலி கெடையாது."

"நீ வெளிய வந்தப்ப உன் பையை என்ன செஞ்சாங்க?" என்று கேட்டேன்.

"ஊர் எல்லையிலயே வச்சு எரிச்சுட்டாகண்ணே. நான் மாத்திரை டப்பாவை மடியில கட்டிக்கிட்டேன். இவதான் ஜெயிலுக்கு மனுப்போட்டு என்னையப் பாக்க வந்தப்ப முன்னாடியே சொல்லிருந்தா, மத்ததெல்லாம் எரியட்டும், அதை மட்டும் விட்றாதன்னு." அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள். என் கடிதத்தை இன்னும் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொன்னாள். பக்கத்து வீட்டு டீச்சர் படித்துக் காட்டினாராம். என் மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்று மேடத்திடம் போய்ப் பையின் கதையை முழுக்கச் சொன்னேன். "வெளிய வர்றவங்களுக்குப் பையில வச்சுக் குடுக்காதீங்க மேடம். பையை எப்படியும் தூக்கிப் போட்டுருவாங்க. வீட்டாள் ஜெயிலுக்கு மனுப்போட்டுப் பாக்க வரும்போதே பேசி வைங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் ஒருவர் விடுதலையாவதாகவும், வாசலில் போய் நிற்க முடியுமா என்றும் கேட்டார். போனேன். ஐம்பது வயது மனிதர். இரண்டு மகன்கள் கார் கொண்டுவந்திருந்தார்கள். நான் நெருங்கிப் போய், பையில் மருந்து இருக்கிறது என்று தணிந்த குரலில் சொன்னேன். "யாருய்யா நீ? உள்ள கூட இருந்தவனா?" என்று மூத்தவன் என்னைத் தள்ளினான். அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "எனக்கு இவரைத் தெரியாது" என்றார். பையை ரோட்டோரக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு ஏறினார்கள். கார் கிளம்பும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது அது. எனக்கு நன்றாகத் தெரிந்த நிம்மதி. தொட்டியில் கையை விட்டு மாத்திரையை எடுத்துக்கொண்டுபோய் மேடத்திடம் கொடுத்தேன். அந்த மனிதர் இன்றுவரை மையத்துக்கு வரவில்லை.

ராணியின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குழற ஆரம்பித்தது. ஒரு நாள் முற்பகல், நான் தலைவாரி விட்டுக்கொண்டிருந்தபோது, "அந்த லெட்டர்ல என்ன எழுதிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"பெருசா ஒன்னுமில்ல. ஆஸ்பத்திரிக்குப் போன்னு."

"வாயால சொல்லாதீங்க. அதே மாதிரி எழுதித் தாங்க. நான் படிக்கணும்."

"எழுதித் தாரேன்" என்றேன்.

எழுதியிருக்கவேண்டியது அன்று. பேனா இருந்தது, பேப்பர் இருந்தது, அவள் முழித்திருந்தாள். நான் எழுதவில்லை. முதல் வரியில் 'பயப்படாதே' என்று இருந்தது. அதை இப்போது எப்படி எழுதுவது என்று ஒத்திப்போட்டேன். மறுநாள் கேட்டாள், நாளைக்கு என்றேன். அடுத்த வாரம் கேட்டாள், காய்ச்சல் போல இருக்கிறது என்றேன். ஊராருக்கெல்லாம் எழுதிய கை, கட்டினவளுக்கு என்றால் கட்டைதான். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்கிற அளவுக்கு வார்த்தைகள் அவளிடம் மிச்சம் இல்லை.

ஒரு காலையில் அவள் தட்டில் வலது பாதிச் சோறு அப்படியே கிடந்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். தட்டைத் திருப்பி வைத்ததும் அதையும் சாப்பிட்டாள். டாக்டர் விரலைக் காட்டிப் பார்த்துவிட்டு, வலது பக்கப் பார்வை போய்விட்டது என்றார். எழுத்தும் இனிப் பிடிபடாது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் நான் வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து, கடிதத்தை எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. 'பயப்படாதே' என்பதையும் எழுதினேன்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். ராணி இடது கையால் வாங்கினாள். தலைகீழாகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். நான் நேராகத் திருப்பி வைத்தேன். மறுபடியும் பார்த்தாள். நான் படித்துக் காட்டுகிறேன் என்று கையை நீட்டினேன். தரவில்லை. "லெட்... டர்" என்றாள். அப்படியே மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். இங்கே செய்ய வேறொன்றும் இல்லை, மாத்திரையை நிறுத்தாமல் கொடுங்கள், சாப்பிடுகிறவரை கொடுங்கள் என்றார் டாக்டர். அவர் முகத்தில் ஒளிவுமறைவு இல்லை. மேடம் இருவருடைய மாத்திரையையும் என் சட்டைப் பையிலேயே வைத்துப் பொத்தான் போட்டுவிட்டார்.

பிரிட்டோ வண்டியில் மெத்தை விரித்திருந்தான். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதும் எங்களுக்கு அதே வழக்கம்தான். போயிட்டு வாரேன் சொல்லக்கூடாது, அங்கே புழங்கிய சாமான் வீட்டுக்கு வரக்கூடாது. பாய், தலையணை, தட்டு, டம்ளர், பிளாஸ்க், சைக்கிள் டியூப் சுற்றிய கரண்டி என எல்லாவற்றையும் பிரிட்டோ ஒரு மூட்டையாகக் கட்டிக் குப்பை போடுகிற இடத்தில் வைத்தான். கடைசியாக அக்காளைத் தூக்கப் போனவன், அவள் கைக்குள் காகிதம் இருப்பதைப் பார்த்தான்.

"அது என்னக்கா? ஆஸ்பத்திரிச் சீட்டா? இங்கயே போட்ரு" என்று விரலைப் பிரிக்கப் பார்த்தான்.

ராணி விடவில்லை. அந்தக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிரிட்டோ என்னைத் திரும்பிப் பார்த்தான். பல வாரத்துக்குப் பிறகு அவன் என் கண்ணைப் பார்த்தது அப்போதுதான்.

"ஏதும் முக்கியமா?" என்று கேட்டான்.

"ஆமா மாப்ள" என்றேன். "முக்கியம்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். ஆற்றுப் பக்கம் போகாமல் செல்லூர் வழியாக வண்டியை விட்டான். பரவை வந்து, வீட்டுப் படியேறி, கட்டிலில் படுத்து, தூங்கிப்போகிறவரை ராணி இடது கையைத் திறக்கவில்லை.